தலை தீபாவளிக்கு வந்த விளையாட்டுப் பெட்டி

படாளம்,
தீபாவளி, பிற்பகல்.

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அப்பாசாமி அவர்களின் சமூகத்துக்கு, படாளம் ஜானகிராமன் இரு கை கூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நான், அம்சா, இரண்டு மாடு, ஒரு டிராக்டர் எல்லோரும் சௌக்கியம். அங்கே மாமல்லபுரத்தில் தாங்களும் சம்பந்தி அம்மாளும் கடல் காற்று வாங்கிக்கொண்டு சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கள் மகனும் எங்கள் மாப்பிள்ளையுமான ஆனந்தன், எங்கள் திவ்யாவோடு படூரிலிருந்து சனிக்கிழமையே தலை தீபாவளிக்கு வந்து சேர்ந்துவிட்டார். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறார், எண்ணெய் தேய்த்துக் குளித்தார், எடுத்துக் கொடுத்த சட்டை தோளில் சரியாக உட்கார்ந்தது. இதையெல்லாம் போனிலேயே சொல்லலாமே, எதற்குக் கடிதம் என்று தாங்கள் கேட்கலாம். எங்கள் வீட்டில் செல்போனுக்கு டவர் கிடைக்கிற இடம் கூடம் ஒன்றுதான். கூடத்தில் மாப்பிள்ளை உட்கார்ந்திருக்கிறார். சொல்ல வந்த விஷயமோ மாப்பிள்ளையைப் பற்றியது.

பயப்பட வேண்டாம், புகார் இல்லை. தங்கள் பிள்ளை தங்கம், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் சம்பந்தி, ஆவணியில் கல்யாணம் ஆனதிலிருந்து அவர் என்னோடு பேசியது 'சரி மாமா', 'வேணாம் மாமா' இரண்டே இரண்டுதான். நானோ டிராக்டர் ஓட்டும்போது பக்கத்தில் ஆளில்லை என்றால் கரும்போடு பேசிக்கொண்டு போகிறவன். ஒரே பெண்ணைக் கட்டிக் கொடுத்திருக்கிறேன், அவள் யாரோடு குடித்தனம் நடத்துகிறாள், அந்த மனுஷன் மனதில் என்ன ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை இருக்காதா? திவ்யாவைக் கேட்டால், எங்கிட்ட நல்லாத்தான் பேசறாரு என்கிறாள். அம்சாவைக் கேட்டால், குழம்பில் காரம் தூக்கலாக இருக்கிறதோ என்னவோ என்று அடுப்படிக்குப் போய்விடுகிறாள். ஆகவே இந்தத் தலை தீபாவளி முடிவதற்குள் மாப்பிள்ளையை நாலு வார்த்தை பேச வைத்துவிடுவது என்று நான் தீர்மானம் பண்ணினேன். நடந்ததெல்லாம் அதனால் வந்ததுதான்.

அவருக்கு எதில் பிரியம் என்று திவ்யாவிடம் விசாரித்தபோது, கேம் என்றாள். கபடியா கிரிக்கெட்டா என்றேன். டிவியில் ஆடுவது என்றாள், அதற்கென்று ஒரு பெட்டி வைத்திருக்கிறாராம், ஆனால் அது நல்ல டிவியில்தான் நன்றாக இருக்குமாம். விட்டேனா பார். ஆயுத பூஜைக்கு முந்தின வாரமே செங்கல்பட்டு போய், சுவரில் மாட்டுகிற தட்டை டிவி ஒன்று வாங்கி வந்துவிட்டேன். ஹெச்.டி. என்று கடைக்காரர் சொன்னார். பந்து போடுகிறவன் நெற்றி வேர்வை சொட்டுச் சொட்டாகத் தெரியுமாம். மற்றவர் வேர்வையைப் பார்த்து எனக்கு ஆகவேண்டியது எதுவும் இல்லை, இருந்தாலும் மாப்பிள்ளைக்கு வேண்டியிருக்கலாம் அல்லவா. கடை ஆள் வந்து சுவரோடு சுவராக அறைந்து மாட்டிவிட்டுப் போனான். பின்னால் கை நுழையும், தலை நுழையாது. இதைத் தாங்கள் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சனிக்கிழமை சாயங்காலம் காபி ஆனதும் மாப்பிள்ளை பையைத் திறந்து பெட்டியை எடுத்தார். பளபளவென்று, பிள்ளையை எடுப்பது போல இரண்டு கையாலும் எடுத்தார். அதற்குள் தெருவில் தகவல் போய், மாப்பிள்ளை கம்ப்யூட்டர்காரர், ஏதோ காட்டப்போகிறார் என்று அக்கம்பக்கம் எல்லாம் கூடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. அம்சாவின் அக்கா பார்வதம் முதல் வரிசை. மாப்பிள்ளை ஒரு கறுப்பு வயரின் ஒரு முனையைப் பெட்டியில் சொருகி, மறு முனையை டிவிக்குப் பின்னால் கை விட்டுத் தடவித் தடவிச் சொருகினார். ரிமோட்டை அழுத்தினார். திரை பூரா நீலம். நடுவில் 'நோ சிக்னல்' என்று ஒரு சின்னக் கட்டம் மட்டும் அங்குமிங்கும் மிதந்துகொண்டிருந்தது. மறுபடி சொருகினார், மறுபடி நீலம். பார்வதம் ரொம்ப நேரம் அதையே பார்த்துவிட்டு, படம் எப்ப ஆரம்பிக்கும் என்று கேட்டாள். மாப்பிள்ளை காது சிவந்துவிட்டது. எனக்குத் தாங்கவில்லை. இதுதான் ஆரம்பம், மெதுவாகத்தான் சூடு பிடிக்கும் என்று சொல்லி எல்லோருக்கும் முறுக்கு கொடுக்கச் சொன்னேன். முதல் முதலாக விருந்துக்கு வந்த மாப்பிள்ளை மாமனார் ஊரில் தலை குனிந்தால் அந்த அவமானம் யாருக்கு? எனக்குத்தானே? நீலமும் கண்ணுக்குக் குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது என்று இரண்டு மூன்று பேர் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூரா அதே வேலை. நான் டார்ச் பிடித்துக்கொள்ள, மாப்பிள்ளை சுவரில் கன்னத்தை ஒட்டவைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் தடவுவார், சொருகுவார், ரிமோட்டை அழுத்துவார், நீலம். பழைய டிவிக்குப் போடுகிற மூன்று கலர் வயர் ஒன்று உண்டாம், அது படூர் வீட்டிலேயே தங்கிவிட்டதாம். நான் டார்ச்சோடு சும்மா நிற்க முடியாமல், ஒருமுறை கரும்பு லோடோடு கருங்குழி தாண்டி டிராக்டர் நின்றுபோனது, சர்க்கரை ஆலை வாசலில் வரிசையில் நின்று நின்று நான் சமையல் கற்றுக்கொண்டது, திவ்யா பிறந்த அன்று பெய்த மழை என்று வாய்க்கு வந்ததெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் 'ம்' என்பார். நடுநடுவே, டார்ச் இன்னும் கொஞ்சம் லெஃப்ட்டு மாமா என்பார். அதுவே எனக்குப் பெரிசாக இருந்தது.

மத்தியானம் கேபிள்காரர் சின்னராசு எட்டிப்பார்த்தார். கேபிள் போட்டால் சீரியல் பளிச்சென்று வருகிறது, ஆகவே டிவி மேல் தப்பில்லை, எல்லாக் கோளாறும் பெட்டியில்தான் என்று தீர்ப்புச் சொன்னார். அதோடு விட்டாரா, மாப்பிள்ளை காதில் விழும்படி, "இன்னா அண்ணாத்த, கம்ப்யூட்டர் படிச்சவருன்னு சொன்னீங்க, ஒரு வயர் சொருகத் தெரியலியே" என்றார். அம்சா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து நின்ற நிலையைப் பார்த்து அவரே கிளம்பிவிட்டார். போன பிறகு அம்சா என்னைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டு, "அவரு கையால படம் வர்ற வரைக்கும் நீங்க ஒண்ணும் கண்டுபுடிக்கக் கூடாது, ஆமா" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். நான் தலையை ஆட்டினேன். ஆனால் சம்பந்தி, ஒரு வண்டி ஏன் நின்றது என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்காது. தாங்களும் காலமெல்லாம் மதுரைக்கும் நாகர்கோவிலுக்கும் ராத்திரி பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், தங்களுக்குத் தெரியும்.

இன்று விடியற்காலை மாப்பிள்ளையை மனையில் உட்கார வைத்து அம்சா உச்சியில் எண்ணெய் வைத்தாள். அவர் குளிக்கப் போனதும் நான் நைசாக டிராக்டர் சைடு கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வந்து, டிவி கரண்டை நிறுத்தி, பின்னால் கண்ணாடியை நீட்டி டார்ச் அடித்துப் பார்த்தேன். பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டேன். வரிசையாக ஓட்டைகள், ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு சந்தனப் பொட்டு, அதன் மேல் குங்குமம், காய்ந்து சிமெண்டாகிக் கிடக்கிறது. ஆயுத பூஜையன்று அம்சா டிராக்டர், பம்ப் செட், மிக்சி, அரிவாள்மணை எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டு டிவிக்கு வந்திருக்கிறாள். டிவியின் முன்பக்கக் கண்ணாடியில் கை வைக்கக்கூடாது என்று கடை ஆள் சொல்லியிருந்தானா, பக்தியை எல்லாம் பின்பக்கம் காட்டிவிட்டாள். ஒன்றுக்கு வைத்து ஒன்றை விட்டால் அது குறை என்று கைக்குத் தட்டுப்பட்டதற்கெல்லாம் வைத்திருக்கிறாள். கேபிள் வயர் ஏற்கெனவே சொருகியிருந்ததால் அந்த ஓட்டை மட்டும் தப்பித்தது. மாப்பிள்ளையின் வயர் பாதிக்கு மேல் உள்ளே போகவே இல்லை, சிக்னல் எங்கிருந்து வரும்?

உடைத்துச் சொன்னால் அம்சா அழுவாள், மாப்பிள்ளைக்கும் சின்னராசு சொன்னது மெய்யாகிவிடும். ஆகவே ஈர்க்குச்சியால், மாப்பிள்ளையின் வயர் முனைக்கு அளவான ஒரே ஒரு ஓட்டையை மட்டும் சுரண்டிச் சுத்தம் பண்ணி, வாயால் ஊதி, தரையைத் துடைத்து, கண்ணாடியைத் திருப்பி மாட்டிவிட்டு வந்து சாதுவாக உட்கார்ந்துகொண்டேன். புதுசு உடுத்திப் பட்டாசு வெடித்துப் பலகாரமும் ஆன பிறகு, எதற்கும் கடைசியாக இந்த ஓரத்து ஓட்டையில் ஒரு தபா பாருங்களேன் மாப்ள என்றேன். சொருகினார். வந்துவிட்டது சம்பந்தி! ஒரு சாலை, இரண்டு பக்கமும் மலை, சிவப்பாக ஒரு கார், கார் மேல் வானத்தின் நிழல்கூடத் தெரிகிறது. பார்வதம் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மாப்பிள்ளை மட்டும் திரையை விட்டுவிட்டு என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். சின்னராசுவுக்கு அம்சா வேண்டுமென்றே ஆள் அனுப்பி அழைத்து வந்து காட்டினாள்.

மானம் தப்பியது. ஆனால் நான் நினைத்து வந்தது நடக்கவில்லையே. படம் வந்ததிலிருந்து அவர் அதற்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். நான் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். படம் வராத வரைக்கும் லெஃப்ட்டு, ரைட்டு என்றாவது இரண்டு வார்த்தை கிடைத்துக்கொண்டிருந்தது, இப்போது அதுவும் போயிற்று. என் கையாலேயே கெடுத்துக்கொண்டேன் என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. நாளைக்கு அவர்கள் கிளம்புகிறார்கள். அதனால்தான் தங்களிடம் வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். பெற்று வளர்த்தவர் தாங்கள், தங்களுக்குத் தெரியாததா? மாப்பிள்ளை எதைப் பற்றிப் பேசினால் வாய் திறப்பார்? சின்ன வயதில் தங்களோடு என்ன பேசுவார்? பொங்கலுக்கு அவர் வருவதற்குள் ஒரு வரி எழுதிப்போட்டால் போதும், நான் பார்த்துக்கொள்கிறேன். ஈர்க்குச்சி விஷயம் மட்டும் எக்காரணம் கொண்டும் மாப்பிள்ளைக்கோ அம்சாவுக்கோ போகக்கூடாது.

சம்பந்தி அம்மாளுக்கு எங்கள் வணக்கங்கள். அதிரசம் தனியாகக் கொடுத்தனுப்புகிறோம். தங்கள் குடும்பமும் எங்கள் குடும்பமும் கரும்பும் கணுவும் போலச் சேர்ந்து தழைக்க வேண்டும்.

என்றும் தங்கள் சம்பந்தி,
ஜானகிராமன்.

பி.கு.: செவ்வாய்க்கிழமை காலை. மேலே எழுதியதை ஒட்டாமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. நேற்று விளக்கு வைத்த பிறகு நான் போய் அவர் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தேன். அவர் கையில் பிடித்து ஆடுகிற கண்ட்ரோலர் இன்னொன்றை எடுத்து என்னிடம் கொடுத்தார். எனக்கு ஒரு பச்சைக் கார் கொடுத்தார்கள். நான் இடது ஓரமாக, கரும்பு லோடு போகிற வேகத்தில், யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் போய்க்கொண்டிருந்தேன். எதிரில் ஒரு வளைவு வந்தது. ஹாரன் எந்த பட்டன் மாப்ள என்று கேட்டேன். சம்பந்தி, அவர் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார், திவ்யா அடுப்படியிலிருந்து ஓடி வந்துவிட்டாள். இதில் ஹாரனே கிடையாது மாமா என்றார். ஹாரன் இல்லாமல் எவன் வழி விடுவான் என்று நான் கேட்டேன், அதற்கும் சிரித்தார்.

சிரித்து முடித்ததும் செல்போனை எடுத்து ஒரு போட்டோ காட்டினார். டிவியின் பின்பக்கம், வரிசையாகச் சந்தனம் குங்குமம். சனிக்கிழமை ராத்திரியே செல்போனைப் பின்னால் நீட்டி எடுத்திருக்கிறார். தெரிந்துகொண்டா ஞாயிற்றுக்கிழமை பூரா சுவரைத் தடவினீர்கள் என்று கேட்டேன்.

"அத்தை ஆசையா வெச்ச பொட்டு மாமா, வந்த மொத நாளே அத நோண்டிகினு இருந்தா நல்லாவா இருக்கும்? அதுவுமில்லாம நீங்க டார்ச் புடிச்சிகினு பேசிகினே இருந்தீங்க. படம் வந்துட்டா நீங்க எழுந்து போய்டுவீங்கன்னு நெனச்சேன்" என்றார். பிறகு அவராகவே, "எங்க அப்பா நைட் பஸ்ஸு ஓட்டிட்டு வந்து பகல்ல தூங்குவாரு. அவரு எழுந்துக்கக் கூடாதுன்னு வூட்ல யாரும் பேச மாட்டோம். அப்டியே பழகிடுச்சு மாமா" என்றார்.

குறையாகச் சொல்லவில்லை சம்பந்தி, பிரியமாகத்தான் சொன்னார். ஆகவே நான் மேலே கேட்டிருப்பதற்கெல்லாம் தாங்கள் பதில் எழுத வேண்டியதில்லை. கடிதத்தையே கிழித்துப் போடத்தான் எடுத்தேன், பிறகு இது என்னோடு நின்றுவிடக்கூடாது என்று பட்டது. நீங்கள் தூங்க வேண்டும் என்று அந்தப் பிள்ளை அத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறது. இப்போது உங்களுக்கு ராத்திரி டூட்டி இல்லை. மாமல்லபுரத்திலிருந்து படூர் பக்கம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் அவர் பக்கத்தில் உட்காருங்கள். என்ன பேசுவது என்றெல்லாம் யோசிக்க வேண்டாம். எந்த பட்டன் எதற்கு என்று கேளுங்கள், போதும்.