பூட்டானில் கடைசிப் பாதை ஆறு மணிக்கு

உலகத்திலேயே அதிக தூரம் பயணம் செய்த மனிதர் யார் என்று என்னைக் கேட்டால் யோசிக்காமல் சொல்லுவேன்: எங்கள் ஊர்ப் பாதைக்காரர். முப்பத்தொரு வருடம் விடாமல் பயணம் செய்தார். எல்லாம் நானூறு கெஜ அகலத் தண்ணீருக்குள்.

வெளியூர் வாசகர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மட்டக்களப்பு வாவிக்கரையில் பாதை என்றால் நடக்கிற வழி அல்ல. தோணிகளைச் சேர்த்துக் கட்டி, மேலே பலகை அடித்து, ஆளையும் நெல் மூட்டையையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றி அக்கரை கொண்டுபோகிற மிதவை. நடக்கிறது ரோட்டு, மிதக்கிறது பாதை. இது எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். கொழும்பில் பெரிய படிப்புப் படித்தவர்களுக்குத் தெரியாது. அதனால் வந்ததுதான் இந்தக் கதை.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அது பள்ளிக்கூடத்துக்குத்தான் நட்டம். மூட்டை சுமக்கப் போன அரிசி ஆலையைப் பிறகு நானே வாங்கினேன். இன்றைக்கு எங்கள் பக்கத்தில் சேவல் கூவுவது சூரியனைப் பார்த்து அல்ல, என் ஆலைச் சத்தத்தைக் கேட்டு. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை, நடப்பதைச் சொல்கிறேன்.

அப்படிப்பட்ட என்னையே கரையில் காக்க வைத்தவர் பாதைக்காரர். கடைசிப் பாதை ஆறு மணி. ஆறு என்றால் ஆறு. ஒருமுறை பெரிய உத்தியோகத்தர் ஒருவர் ஜீப்போடு வந்து ஆறு மணி இரண்டு நிமிடத்துக்கு ஹோர்ன் அடித்தார்.

“பாதை போயிற்று ஐயா.”

“என்ன காணும்? பாதை இங்கதானே நிக்குது!”

“பாதை நிக்கிது ஐயா. நேரம் போயிற்று.”

உத்தியோகத்தர் ஜீப்பைத் திருப்பிக்கொண்டு நாற்பது மைல் சுற்றிப் போனார். பாதைக்காரர் மற்றவர்களுக்கு மட்டும் சட்டம் போடுகிற ஆளும் அல்ல. மைத்துனன் கலியாணத்துக்கு அக்கரை போனவர் திரும்பி வர ஐந்து நிமிடம் பிந்திவிட்டது. பாதையில் மாற்றாளாக நின்றவன், “வாங்க அண்ணன், ஏறுங்க” என்று கெஞ்சினான். பாதைக்காரர் ஏறவில்லை. தான் போட்ட நேரத்தை மதித்து, பட்டு வேட்டியோடு அக்கரை மரத்தடியில் படுத்துவிட்டு விடியத்தான் வந்தார்.

பிறகு பாலம் வந்தது. ஊரே பட்டாசு கொளுத்தியது. பாதைக்காரர் மட்டும் பாலத்தின் நடுவில் போய் நின்று இரண்டு காலாலும் உதைத்துப் பார்த்தார். “அசையிதா பாருங்க. ஆடாத ஒண்டில போறதெல்லாம் ஒரு பயணமா?” என்றார்.

வேலை இல்லாத மனிதர் என்ன செய்வார்? ஊராருடைய சுற்றுலாக்களுக்குத் திட்டம் போட ஆரம்பித்தார். கதிர்காமமோ நுவரெலியாவோ, போகிறவர்கள் முதலில் அவரிடம்தான் போவார்கள். கொப்பித் தாளில் கோடு அடித்து எழுதிக் கொடுப்பார். தான் மட்டும் போக மாட்டார். எல்லா ஊரையும் வாவியின் கணக்கில் இரண்டாகப் பிரிப்பார்: சூரியன் எழுகிற பக்கம் எழுவான்கரை, படுகிற பக்கம் படுவான்கரை. கண்டியில் தலதா மாளிகை எழுவான்கரை, பூந்தோட்டம் படுவான்கரை. ஒரு நாளைக்கு ஒரு கரைதான். ஆறு மணிக்கு மேல் அசையக் கூடாது. அவர் தாளை வைத்துக் கண்டிக்குப் போன என் ஆலை ஆட்கள், அறை எடுத்த இடத்துக்கு அரை மைல் இருக்கும்போது ஆறு மணி ஆகிவிட்டதென்று வான் வண்டிக்குள்ளேயே படுத்து எழும்பினார்கள். சாரதியும் எங்கள் ஊர்க்காரன். அவனுக்கும் பயம்.

இப்போது என் மனைவிக்கு வருகிறேன். நாற்பது வருடம் என் ஆலையில் உமி ஊதி, பிள்ளைகளைக் கரை சேர்த்தவள். ஒருநாளும் எதுவும் கேட்டதில்லை. முழங்கால் இரண்டும் தேய்ந்துபோய், வருகிற வருடம் நடப்பதே பாடு என்று டொக்டர் சொன்ன அன்றைக்குத்தான் வாய் திறந்தாள்.

“இஞ்சருங்க, கால் இரிக்கிற நேரம் ஒரு வெளிநாடு பாக்க வேணும்.”

“எந்த நாடு வேணும்? சொல்லு. அமெரிக்காவா?” என்றேன். நான் அப்படித்தான்.

“பெரிய நாடு என்ட காலுக்கு ஏலா. ஒரு சின்ன நாடாப் பாருங்க. ஆனா பாக்கிறதுக்குக் கோயில் குளமெல்லாம் நிறைய இரிக்க வேணும்.”

மகள் தன் போனில் தேடிக் காட்டினாள்: பூட்டான். மலையும் மடமும் ஆறும், ஒரு கைக்குள் அடங்குகிற நாடு. மனைவிக்குப் பெயரே பிடித்துவிட்டது.

“பூட்டான் எண்டா பூட்ட மாட்டான் எண்டுதானே? கள்ளன் இல்லாத ஊர் போல.”

ஆனால் ஒரு நிபந்தனை போட்டாள். “பாதைக்கார அண்ணனும் வர வேணும். உங்களை நம்பி நான் வரல்ல. நீங்க எங்கயாவது உங்கட ஆலைக் கதையக் கதைச்சிக்கிட்டு நிண்டிருவீங்க.”

இது அநியாயம். ஆனாலும் போய்க் கேட்டேன். பாதைக்காரர் தலையைக் கூட நிமிர்த்தவில்லை.

“நான் திட்டம் போடுற ஆள் மச்சான். போற ஆள் இல்ல. தாளைத் தாறன், நீங்க போங்க.”

அவர் வராவிட்டால் அவள் வர மாட்டாள். அவள் முழங்கால் யாருக்கும் காத்திருக்காது. நான் ஆலை வாங்கினேன், லொறி வாங்கினேன், இந்த ஒரு சம்மதத்தை வாங்க முடியாமல் ஒரு மாதம் அலைந்தேன்.

அப்போதுதான் கொழும்புப் பயண முகவரிடமிருந்து தமிழில் ஒரு கடிதம் வந்தது. திட்டம் போடுகிறவர் என்பதால் பாதைக்காரரே என் வீட்டில் வைத்து வாசித்தார். ஒரு வரியில் விரலை வைத்தார்: ‘ஆற்றுப் பள்ளத்தாக்குக்குச் செல்லும் பாதை கனமழை நாட்களில் மூடப்படும்.’

“மச்சான், அங்க பாதை இரிக்காம்!”

நான் வாயைத் திறப்பதற்கு முன் போனை எடுத்துவிட்டார். சத்தமாகத்தான் கதைப்பார், அக்கரைக்குக் கதைத்துப் பழகியவர். அந்தப் பக்கம் முகவரின் கந்தோரில் ஒரு பெண்பிள்ளை.

“மகள், பாதை எண்டு எழுதியிரிக்கீங்க. மெய்தானா?”

“ஓம் ஐயா. அந்தப் பள்ளத்தாக்குக்கு அதால மட்டுந்தான் போகலாம். வேற வழி இல்லை.”

போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம், “கேட்டியா? பாலம் கட்டல்லியாம்!” என்றார். பிறகு, “எத்தின வாகனம் கொள்ளும்?”

“பக்கத்தில பக்கத்தில ரெண்டு போகலாம் ஐயா.”

“எங்கடயிலயும் ரெண்டுதான்! தார் பூசினதா?”

“ஓம் ஐயா, இப்பதான் புதுசா தார் போட்டிருக்காங்க.”

“அடியிலயும் போட்டாங்களா?”

“அடியில... கல்லுப் போட்டிருப்பாங்க ஐயா.”

“பாரத்துக்குக் கல்லு! மூளைசாலிகள்கா. மறுகா, போகக்குள்ள ஆடுமா?”

“நல்லா ஆடும் ஐயா. சில ஆக்களுக்குத் தலை சுத்திச் சத்தியும் வரும்.”

“வரும், வரும். எங்கட ஆக்களும் எடுப்பாங்க. கடைசிப் பாதை எத்தின மணிக்கு?”

“கடைசியா? விளங்கல்ல ஐயா. இருட்டினாப் பயணம் நல்லதில்லை. ஆறு மணிக்கு முதல் போய்ச் சேர்ந்திடுங்க.”

பாதைக்காரர் போனை மெதுவாக வைத்தார். கண் கலங்கியிருந்தது.

“ஆறு மணி மச்சான். அங்கயும் ஆறு மணி.”

எனக்குச் சிரிப்பு வயிற்றைப் பிடுங்கியது. ‘அது ரோட்டு!’ என்று சொல்ல வாயெடுத்தேன். குசினி வாசலில் மனைவி கையில் அகப்பையோடு நின்றாள். அவளும் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். அகப்பையை மெல்ல ஆட்டினாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

“மச்சான்,” என்றார் பாதைக்காரர், “பாஸ்போட்டுக்கு எத்தின படம் வேணும்?”

பாஸ்போட் கந்தோரில் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவர் அசையவில்லை. மூன்றாம் முறை கூப்பிட்டபோது, “பாவம், ஆரோ வரல்ல போல” என்று என்னிடம் கவலைப்பட்டார். அந்தப் பெயரால் அவரைக் கூப்பிட்ட கடைசி ஆள் அவருடைய வாத்தியார்.

ஆறு நாள் பயணத்துக்குத் திட்டம் எழுதினார். கோட்டை, மடம், சந்தை எல்லாவற்றுக்கும் சேர்த்து மூன்று நாள். ‘பாதை பார்த்தல்’ மூன்று நாள்.

விமானத்தில் நடந்ததை நான் இன்னும் வெளியில் சொல்லவில்லை. இரண்டாவதாக ஏறியது சின்ன விமானம். எல்லாரும் இருந்த பிறகு பாதைக்காரர் எழும்பி நின்று ஆட்களை அளந்தார். இடது பக்கத்தில் பருத்த ஆட்கள் நாலு பேர் ஒரே வரிசையில். விடுவாரா? பணிப்பெண்ணைக் கூப்பிட்டு, “புள்ள, இவங்களப் பிரிச்சி நடுவில இருத்துங்க. ஒரு பக்கம் சரியிது” என்றார். அந்தப் பிள்ளைக்குத் தமிழ் விளங்காதது எங்கள் அதிர்ஷ்டம். தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்து ஒரு கிளாஸ் கொடுத்தாள். அதைக் குடிக்காமல் முன்னால் வைத்து, தண்ணீர் எந்தப் பக்கம் சரிகிறது என்று இறங்கும்வரை பார்த்துக்கொண்டே வந்தார்.

பூட்டான் நல்ல நாடு. பச்சை மிளகாயைச் சேர்மானமாகப் போடாமல் கறியாகவே வைக்கிறார்கள். மனைவி இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாள். வழிகாட்டி நல்ல பிள்ளை. எனக்கு யெஸ், நோ, தாங்யூ என்று மூன்று இங்கிலீசுச் சொல் தெரியும். ஆலையே அதை வைத்து நடத்தினவனுக்கு ஒரு நாடு எம்மாத்திரம்? மலைச் சுவரில் ஒட்டியிருக்கிற மடத்துக்கு ஏற மனைவியால் முடியவில்லை. கீழே இருந்து பார்த்துக் கும்பிட்டாள். “போதும். அது அங்க இரிக்கட்டும்” என்றாள். முகத்தில் ஒரு சின்ன வாட்டம். நான் கண்டேன்.

நாலாம் நாள் பள்ளத்தாக்குக்கு இறங்கினோம். இரண்டு ஆறு வந்து சேருகிற மூலையில் அரண்மனை போல ஒரு வெள்ளைக் கோட்டை. இரண்டில் ஒன்று ஆண் ஆறாம், மற்றது பெண் ஆறாம். பாதைக்காரர் வாகனம் நிற்கும் முன்பே குதித்தார். கரைக்கு ஓடினார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார். வழிகாட்டியிடம் துடுப்பு வலிப்பது போல் கையை ஆட்டிக் காட்டி, “பாதை? பாதை?” என்றார். அந்தப் பிள்ளை நாங்கள் வந்த தார் ரோட்டைக் காட்டினான். பிறகு ஆற்றுக்கு மேலே கம்பியில் தொங்குகிற ஒரு நீளப் பாலத்தைக் காட்டினான்.

பாதைக்காரருக்கு விளங்கிவிட்டது. ஒரு கல்லில் போய் இருந்தார். ஏசினால் பதில் சொல்லலாம் என்று நானும் இரண்டு மூன்று பொய் தயாராக வைத்திருந்தேன். அவர் ஏசவில்லை. “நீரோட்டம் பெலன். மிதவை நிக்காது” என்று மட்டும் சொன்னார். அந்தி சாயும்வரை அதே கல்தான். நான் அந்த நாட்டுக்கு வந்ததற்காகவே வருத்தப்பட்டேன்.

அப்போது மனைவி கம்பைப் பிடித்துக்கொண்டு அவரிடம் போனாள்.

“அண்ணன், அங்கால அந்தச் சின்னக் கோயிலப் பாக்க ஆசையா இரிக்கு. இதையாவது கிட்டப் போய்ப் பாக்க வேணும். ஆனா பாலம் ஆடுது. பயமாக் கிடக்கு.”

பாதைக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு மணி பத்து நிமிடம்.

ஜீப்புக்காரருக்கு இரண்டு நிமிடம் கொடுக்காத மனிதர். அவர் கடிகாரத்தைக் கழற்றினார். சட்டைப் பைக்குள் போட்டார். எழும்பினார்.

“வா தங்கச்சி.”

பாலம் தாங்குமா என்று பார்க்க முதலில் நான்தான் அக்கரைக்குப் போனேன். கண்ணை மூடிக்கொண்டு ஓடினேன் என்று மனைவி ஊரில் சொல்கிறாள். கண்ணில் தூசி விழுந்தது, அவ்வளவுதான். திரும்பிப் பார்த்தால், கொடியெல்லாம் படபடக்கிற அந்தப் பாலத்தில் பாதைக்காரர் பின்பக்கமாக நடந்து வருகிறார். அவளுடைய இரண்டு கையையும் பிடித்திருக்கிறார். பாலம் ஆட ஆட அவர் கால் தானாகவே ஈடு கொடுக்கிறது. முப்பத்தொரு வருடம் தண்ணீரில் நின்ற கால்.

“தண்ணியப் பாக்காத புள்ள. கரையப் பாரு. கரையப் பாரு.”

அந்தச் சொல்லை நான் முன்பும் ஒருமுறை கேட்டிருக்கிறேன். மூத்த மகள் பிறக்கிற நேரம். ஆஸ்பத்திரி எழுவான்கரையில், வீடு படுவான்கரையில், வாவி முழுக்க வெள்ளம். நாங்கள் துறைக்கு வந்தபோது ஆறு மணி கழிந்துவிட்டது. நான் கத்தினேன். நான் கத்தியதற்காக அவர் பாதையை அவிழ்க்கவில்லை. அவள் முகத்தை ஒருதரம் பார்த்தார், அவிழ்த்தார். அக்கரை போய்ச் சேரும்வரை இந்த ஒரு சொல்தான். அதற்கு முன்னும் பின்னும் ஆறு மணிக்கு மேல் அந்தப் பாதை ஓடியதே இல்லை. அவள் ஏன் அவர் வந்தால்தான் வருவேன் என்றாள் என்பது, அந்தக் கரையில் நின்றபோதுதான் என் மண்டைக்குள் ஏறியது.

மனைவி மண்ணில் காலை வைத்தாள். சின்னக் கோயிலைச் சுற்றி வந்தாள். அதன் கதவு உண்மையாகவே பூட்டியிருக்கவில்லை. உள்ளே போய்க் கும்பிட்டுவிட்டு வெளியில் வந்து, “வெளிநாடு நல்லாத்தான் இரிக்கு” என்றாள். வாட்டமெல்லாம் போயிருந்தது.

பாதைக்காரர் பாலத்தை ஒரு காலால் உதைத்துப் பார்த்தார். அது ஆடியது. “பரவாயில்ல மச்சான். மரியாதை தெரிஞ்ச பாலம்” என்றார்.

மிச்ச இரண்டு நாளும் அங்கேதான் இருந்தோம். அவர் பாலத்தின் தலைப்பில் நின்று, வருகிற வெள்ளைக்காரர்களை ஒவ்வொருவராக ஏற்றி இறக்கினார். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.

இப்போது மனைவி சக்கர நாற்காலியில்தான் வெளியே போகிறாள். பாதைக்காரர் அடுத்த திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறார், சக்கரத்துக்கு ஏற்ற மட்டமான நாடு ஒன்று பார்த்து. நேற்று தாளைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். வழமை போல மேலே கட்டம் கட்டி, ‘கடைசிப் பாதை ஆறு மணி’ என்று பெரிய எழுத்து. அதற்குக் கீழே பென்சிலால் சின்னதாக ஒரு வரி: ‘தங்கச்சி வந்தால் பிறகும் ஓடும்.’

நான் படித்தது ஐந்தாம் வகுப்புத்தான். அந்த ஒரு வரியை வாசிக்க அது போதுமாக இருந்தது.