இறங்கியதற்கு ஆதாரம்

"நீச்சல் மறக்காது, சைக்கிள் மறக்காது, அப்புறம் இன்னொண்ணு இருக்கு, அதுவும் மறக்காது" என்று பெரியப்பா அடிக்கடி சொல்வார். அந்த இன்னொன்று என்னவென்றுதான் பதிவாளருக்கு மறந்துவிட்டது.

பதிவாளர் என்றால் ஓய்வுபெற்ற பதிவாளர். முப்பத்தைந்து வருஷம் ஒரே நாற்காலியில் அமர்ந்து பொதுமக்களுக்குத் தொண்டாற்றியதில் நாற்காலிக்கு ஒன்றும் ஆகவில்லை; அவருடைய வலது முட்டிதான் பழுதாகிப் போனது. "தினமும் சைக்கிள் மிதிங்க. சரியாகலேன்னா இருபதாம் தேதி முட்டியை மாத்திடலாம்" என்று எலும்பு டாக்டர், ஏதோ பல்பு மாற்றுவது போலச் சொல்லிவிட்டார். கத்தி என்றால் பதிவாளர் காய்கறி நறுக்கும் இடத்தில்கூட நிற்கமாட்டார்.

ஊரில் மிதித்தால் நாலு பேர் பார்ப்பார்கள். எனவே ஒரு கேரவனை அமர்த்திக்கொண்டார். கேரவன் என்பது, வீட்டை விட்டு எங்காவது போய்விட வேண்டும் என்று துடிப்பவர்கள் கட்டில், அடுப்பு, கக்கூஸ் சகிதம் வீட்டையும் கூட்டிக்கொண்டு போகும் ஏற்பாடு. இப்போது அதுதான் நாகரிகம். அதன் முதுகில் சைக்கிளைக் கட்டி, மனைவியோடு ஏரிக்கரை முகாமுக்கு வந்து சேர்ந்தார். ஏரியைச் சுற்றி நல்ல பாதை. கண்ணுக்கெட்டிய தூரம் மேடே இல்லை. இருந்த ஒரே மேடு முகாம் அலுவலகத்தில் இருந்தது: பாதையில் சைக்கிள் ஓட்ட அங்கே அனுமதி வாங்க வேண்டும்.

"கடைசியா எப்போ ஓட்டினீங்க?" என்றார் முகாம் அலுவலர்.

"முப்பத்தோரு வருஷம் ஆச்சு. ஸ்கூட்டர் வாங்கினப்ப விட்டேன்."

"அப்போ நீங்க மறு ஏற்றதாரர், அதாவது விட்டுட்டு மறுபடி ஏறறவர். படிவம் ஏழு. கூடவே இறங்கினதுக்கு ஆதாரம் வேணும்."

"சைக்கிள்ல இருந்து இறங்கினதுக்கு யாருங்க ரசீது குடுக்கறாங்க?"

"ஆதாரம் இல்லேன்னா பதிவுப்படி நீங்க இன்னும் இறங்கல சார். இறங்காதவருக்கு ஏற அனுமதி எப்படித் தர முடியும்?"

பதிவாளருக்குக் கோபம் வரவில்லை. தன் சர்வீஸில் இப்படி ஒரு கேள்வி தனக்குத் தோன்றாமல் போயிற்றே என்று லேசாகப் பொறாமைதான் வந்தது.

அலுவலர் இரக்கப்பட்டு வழி சொன்னார். "இறங்கினதை நேர்ல பார்த்ததா ஓர் அதிகாரி எழுதிக் கையெழுத்துப் போட்டாப் போதும். ஓய்வுபெற்றவரா இருந்தாலும் சரி."

"நானே ஓய்வுபெற்ற அதிகாரிதான்!"

"உங்களுக்கு நீங்களே போட முடியாது. மத்தவங்களுக்குப் போடலாம்."

பக்கத்தில் நின்ற மனைவி கேட்டாள். "நான் சைக்கிளைத் தொட்டதே இல்லை. எனக்கு எந்தப் படிவம்?"

அலுவலர் விதிப்புத்தகத்தை முன்னிருந்து பின்னும், பின்னிருந்து முன்னும் புரட்டினார். "ஓட்டவே தெரியாதவங்களைப் பத்தி விதியில ஒண்ணும் இல்லையே."

"அப்போ?"

"அப்போ… நீங்க தாராளமா ஓட்டலாம்மா."

அவள் அப்போதே போய் சைக்கிளை அவிழ்த்தாள். இரண்டு முறை விழுந்தாள். மூன்றாம் முறை ஒரு புதரோடு மோதி அதனிடம் மன்னிப்புக் கேட்டாள். நாலாம் முறை ஏரிக்கரை வளைவில் மறைந்துபோனாள்.

அடுத்த கேரவனில் ஒரு பல் டாக்டர் இருந்தார். சைக்கிளுக்காக உலகத்தில் விற்கும் எல்லாவற்றையும் உடம்பில் மாட்டியிருந்தார்: தலைக்கவசம், கையுறை, மூச்சு விட இடம் தராத பனியன், நடந்தால் பாராட்டும் கைக்கடிகாரம். சைக்கிள் மட்டும் அவருடைய கேரவன் முதுகில் கட்டியபடியே இருந்தது.

"சார், நீங்க அதிகாரியாமே? ஒரு வாரமா ஆதாரம் இல்லாம நிக்கறேன். ஒரு கையெழுத்துப் போடுங்க."

"நீங்க இறங்கினதை நான் பார்க்கலையே டாக்டர். பொய்ச் சான்று என் பழக்கம் இல்லை."

"இப்பவே இறங்கிக் காட்டறேன்!"

"இறங்கணும்னா ஏறணும். ஏறணும்னா அனுமதி வேணும்."

இருவரும் கட்டியிருந்த சைக்கிளை ஒரு சுற்று சுற்றி வந்தார்கள். திடீரென்று பதிவாளரின் முகத்தில், ஓய்வு பெற்ற நாளோடு அணைந்த ஒரு வெளிச்சம் திரும்ப வந்தது.

"டாக்டர்! கட்டியிருக்கற வரைக்கும் அது சைக்கிள் இல்லை, சுமை. சுமை மேல ஏற எவன் அனுமதியும் வேண்டாம்!"

பல் டாக்டர் கேரவன் ஏணி வழியாக ஏறி, கட்டியிருந்த சைக்கிளில் அமர்ந்து, மணியை ஒருமுறை அடித்துவிட்டு இறங்கினார். 'இன்றைய இலக்கை எட்டிவிட்டீர்கள்!' என்றது கைக்கடிகாரம்.

'மேற்படி நபர் என் முன்னிலையில் இறங்கினார்' என்று எழுதி, பதிவாளர் பேனாவைத் தாளில் வைத்தார். வைத்ததுதான் தெரியும். கை தானாகவே போயிற்று. ஒரு சுழி, ஒரு வால், அடியில் இரண்டு புள்ளி. பெரியப்பா சொன்ன அந்த இன்னொன்று நினைவுக்கு வந்துவிட்டது.

மறுநாள் காலை கேரவன் வாசலில், இதே போல இறங்கிக் காட்டிக் கையெழுத்து வாங்க, ஒன்பது பேர் நின்றார்கள். பதிவாளர் மடக்கு மேசையை விரித்தார். இடப்பக்கம் வந்தவை, வலப்பக்கம் முடிந்தவை, நடுவில் பறக்காமலிருக்க ஒரு கல். அனுமதி வாங்கியவர்களும் உடனே போய் ஓட்டிவிடவில்லை. அதை லேமினேட் செய்து கழுத்தில் மாட்டிக்கொண்டு, சைக்கிளின் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

"எள்ளு எண்ணெய்க்குக் காயுது, எலிப்புழுக்கை எதுக்குக் காயுது?" என்று கேட்டுக்கொண்டே மனைவி ஐந்தாவது சுற்றுக்குப் போனாள்.

மூன்றாம் நாள் வரிசையில் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை ஒருவர் வந்தார்; சான்றுக் கையெழுத்துப் போடும் தகுதி அவருக்கும் உண்டு. பதிவாளர் அவர் இறங்கியதற்குக் கையெழுத்திட்டார். பிறகு தாமே பல் டாக்டரின் சைக்கிளில் ஏறி, முட்டி 'கடக்' என்று ஆட்சேபிக்க, இறங்கினார். ஆசிரியை கையெழுத்திட்டு, பழக்க தோஷத்தில் பத்துக்கு ஏழு மதிப்பெண்ணும் போட்டார். முகாம் அலுவலர் தாமே மேசைக்கு வந்து முத்திரை குத்தினார்: இன்று மாலை ஐந்து மணி வரை செல்லும்.

நாலு மணிக்கு மனைவி ஏரியிலிருந்து திரும்பினாள். முழங்கையில் சிராய்ப்பு, முகமெல்லாம் வேர்வை, வாயெல்லாம் சிரிப்பு.

"என்னங்க, கிடைச்சிடுச்சாமே! வாங்க, ஒரே ஒரு சுத்து. நான் பின்னால பிடிச்சுக்கறேன்."

"பதினாலு பேர் நிக்கறாங்களே."

"இன்னிக்கு விட்டா மறுபடி படிவம் ஏழுதான். முட்டி என்ன ஆகறது?"

"உட்கார்ந்திருந்தா வலிக்கல."

அவள் அவரைப் பார்த்தாள். வரிசையைப் பார்த்தாள். மணியை அடித்துக்கொண்டு போய்விட்டாள்.

இருபதாம் தேதி முட்டியை மாற்றிக்கொள்வது என்றும், அதுவரை மேசை காலை பத்து முதல் மாலை ஐந்து வரை, மதியம் ஒரு மணி நேரம் நீங்கலாக, திறந்திருக்கும் என்றும் பதிவாளர் முடிவு செய்தார்.