ஈல் ஃபே போ

பொண்டாட்டி சத்யப்ரியாவுக்குப் புரியாத ஒரு பாஷை பேசியே தீருவது என்று தொண்ணூற்றெட்டில் சபதம் எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை இந்தியா மேட்ச். அன்றைக்கே திருமங்கலத்தில் கொழுந்தியா மகளுக்குக் காதுகுத்து. ஒருத்தன் எத்தனை பக்கம் அடிபடுவான்?

அடுத்த தெரு ராம்கியோடு டவுன்ஹால் ரோடு நடைபாதையில் பழைய பிரெஞ்சுப் புத்தகம் ஒன்று வாங்கினேன். முக்கால்வாசியைக் கரையான் படித்து முடித்திருந்தது. மிச்சம் நேரம், வானிலை என்று இரண்டே பாடம். போதாதா?

'ஈல் ஃபே போ' என்றால் வானம் நல்லா இருக்கு. எங்கள் அகராதியில், சத்யப்ரியா கிளம்பிட்டா, மேட்ச் பாக்க வா. 'ஈல் ப்ளு' என்றால் மழை பெய்யுது. அவ வீட்லதான் இருக்கா, வராதே.

ஞாயிறு காலை வயிற்றுவலி என்று பொய்யாக வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டேன். சத்யப்ரியா பட்டுச்சேலையில் நின்றாள். போன் அடித்தது. எடுத்தேன்.

"கெல் அர்?" என்றான் ராம்கி. மணி என்ன என்று அர்த்தம்.

"ஈல் ப்ளு! ஈல் ப்ளு!" என்று வைத்துவிட்டேன்.

"யாருங்க?"

"ஆபீஸ்லருந்து."

"நம்ம விளாங்குடியில வெயில் மண்டையப் பொளக்குது. மழை பேயுதுன்னு எதுக்குப் பொய் சொல்றீக?"

வயிற்றிலிருந்து கையை எடுத்தேன். "சத்யா, உனக்கு எப்படி...?"

"ப்ளஸ் டூவுல நான் பிரெஞ்சுதானங்க. மார்க் அள்ளலாம்னு எங்கப்பா சேத்துவிட்டாரு. எரநூத்துக்கு நூத்தித் தொண்ணூத்தாறு. கல்யாணமாகி ஆறு வருசம், என்ன படிச்சேன்னு ஒருநா கேட்டீகளா?"

பிறகு பிரெஞ்சிலேயே ஆரம்பித்தாள். மூடுபனி, இடி, சாரல், விடியற்காலை, முந்தாநாள், அடுத்த மாதம். ஒன்றுகூடத் தடுக்கவில்லை. வைகையில் தண்ணீர் வந்தால் பாலத்தில் நின்று பார்க்கிற கூட்டம் போல வாயைப் பிளந்தேன். இவள் கையிலா ஆறு வருசமாக ரசம் மட்டும் வாங்கிக் குடித்தேன்?

"பிரெஞ்சுல நேரத்துக்கும் வானிலைக்கும் ஒரே வார்த்தைங்க. 'தாங்'. இன்னிக்கு உங்களுக்கு ரெண்டுமே சரியில்ல."

"தெரிஞ்சுமா சும்மா இருந்த?"

"ஒரு வாரமா நீங்களும் ராம்கி அண்ணனும் பேசுனது அம்புட்டும் கேட்டேன். உச்சரிப்புதான் சகிக்கல." போனை என் கையில் திணித்தாள். "வானம் தெளிஞ்சிருச்சுன்னு அண்ணனுக்குச் சொல்லுங்க."

சொன்னேன்.

ஐந்தே நிமிடத்தில் மிக்சர் பொட்டலத்தோடு ராம்கி ஓடி வந்தான். "மாப்ள, டாஸ் யாரு?"

"வாங்கண்ணே," என்றாள் சத்யப்ரியா. "உங்களுக்குத்தான் காத்திருந்தோம்."

வாசலில் ஆளுயரப் பித்தளை அண்டா, கொழுந்தியாளுக்குச் சீர். பஸ் ஸ்டாப் வரை அதன் ஒரு காது என் கையில், மறு காது ராம்கி கையில்.