அது பாட்டுக்கு வளரும் பிள்ளை

பெற்றோரில் ஓர் இனம் உண்டு. கடை வரிசை, பேருந்து, பல் மருத்துவர் வாசல் என்று எங்கே இரண்டு பேர் பிள்ளைகளைப் பற்றிப் புலம்பினாலும் மூன்றாவதாக வந்து உட்கார்ந்து, "எங்க வீட்ல அந்தத் தொல்லையே இல்லீங்க, அது பாட்டுக்கு வளருது" என்று புன்னகைக்கும் இனம். அது பாட்டுக்கு வளர்வது களை. இது அவர்களுக்கு உறைக்காது. இல்லை, 'எங்களுக்கு' என்று சொல்லவேண்டும். நானும் இந்தச் சங்கத்தில் பழைய உறுப்பினர்தான்.

தலைவி பதவிக்கு ஒரு நர்ஸம்மாவை முன்மொழிகிறேன். வார்டில் எந்தப் பெரியவர் இரவு தூங்கவில்லை, யாருக்கு மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கவேண்டும், எந்த மருமகள் வந்தால் எந்த மாமியாருக்கு ரத்த அழுத்தம் ஏறும், எல்லாம் அவருக்கு அத்துப்படி. வீட்டில் ஒரே மகள். சின்ன வயதிலேயே தானே தலை பின்னிக்கொண்டாள், தானே சமைத்துக்கொண்டாள், காய்ச்சல் வந்தால் தானே போர்த்திக்கொண்டு படுத்தாள். "ரொம்ப சமத்து" என்று நர்ஸம்மா மெச்சிக்கொண்டார். கூப்பிட்டுக் கூப்பிட்டு யாரும் வராமல், கூப்பிடுவதையே விட்டுவிட்ட குழந்தைக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் அது.

பதினைந்து வயதில் சமத்து தீர்ந்துபோயிற்று. முகம் வாடியிருக்கிறதே என்று நெற்றியில் கை வைத்த டீச்சரை அவள் தள்ளிவிட்ட வேகத்தில், அவருடைய மூக்குக்கண்ணாடி பறந்து விழுந்து உடைந்தது. பள்ளியில் அம்மாவை வரச் சொன்னார்கள்.

"வீட்ல எப்படி இருப்பா?"

"இருக்கிற இடமே தெரியாது டீச்சர்."

"யாரோட பழகுறா?"

நர்ஸம்மா யோசித்து ஒரு தோழியைச் சொன்னார்.

"அந்தப் பொண்ணு வேற ஊருக்குப் போய் ரொம்ப நாளாச்சேம்மா. உங்க பொண்ணு முரடு இல்ல. யாரும் தொட்டுப் பழக்கமில்ல, அவ்வளவுதான்."

அன்று மாலை மகளின் அறைக்குள் நுழைந்தவர், தெரிந்த வித்தையைத்தான் காட்டினார். நாடி பிடித்தார்.

"தூக்கம் வருதா? பசி எடுக்குதா? வலி ஏதாவது?"

"அம்மா, நான் எத்தனாவது பெட்?"

கையை விட்டுவிட்டார். கேள்வி கேட்காமல் ஒருவர் பக்கத்தில் உட்காருவது எப்படி என்று எந்தப் பயிற்சியிலும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. ஆகவே கட்டில் ஓரத்தில், கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல், நேர்முகத் தேர்வுக்கு வந்தவர் மாதிரி உட்கார்ந்தார்.

"எதுக்கு உக்காந்திருக்க?"

"சும்மாதான்."

"போ."

எழுந்தார். கதவுவரை போனார்.

"போன்னா உடனே போயிடுவியா?"

திரும்பி வந்தார். மகள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆனால் நீட்டியிருந்த காலை மடக்கி, ஓர் ஆள் வசதியாக உட்காரும் அளவுக்கு இடம் விட்டாள்.

நீங்கள் இந்த இனமில்லை என்கிறீர்கள். நம்புகிறேன். ஆனால் இதை இவ்வளவு நிம்மதியாகப் படித்து முடித்தீர்களே, பக்கத்து அறையிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லையா?

எதற்கும் எழுந்து போய்ப் பார்த்துவிடுங்கள். நாடியெல்லாம் பிடிக்கவேண்டாம்.