இடையில் பேசும் அம்மாளை நீக்கித் தரவும்

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் அக்காவின் கணவன் எழுதிக்கொண்டது. இங்கே நான், உங்கள் அக்கா, டிவி ஆகிய மூவரில் முதல் இருவர் சௌக்கியம். அங்கே நீங்களும் வீட்டில் உள்ள எல்லோரும் அதே போல் சௌக்கியமாக இருக்க வேண்டும். போனில் சொல்லக்கூடாதா என்று நினைப்பீர்கள். வேலை பார்த்த காலமெல்லாம் கடை கடையாய்ப் போய் தராசையும் எடைக்கல்லையும் சோதித்தவன் நான். புகார் என்றால் எழுத்தில் இருக்க வேண்டும் என்பது எனக்கு ஊறிப்போன பழக்கம். தவிர, நான் எதற்காகப் போன் செய்தாலும் நீங்கள், "அத்தான், ஓடிபி வந்திருக்கு, எழுதிக்குங்க" என்று ஏதோ எண்ணைச் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறீர்கள். போன மாதம் உங்கள் கால்வலி எப்படி இருக்கிறது என்று கேட்பதற்காகக் கூப்பிட்டேன். அதற்கும் எண்தான் கிடைத்தது.

விஷயம் பாப்பாவைப் பற்றியது. அவள் வங்கி வேலையை விட்டுவிட்டு சினிமாப் பக்கம் போனது உங்களுக்குத் தெரியும். என்ன வேலை என்று கேட்டபோதெல்லாம், "முதல்ல படம் வரட்டும்பா" என்று மழுப்பிக்கொண்டிருந்தாள். இப்போது படம் வந்துவிட்டது. வந்ததும் போன் செய்து, "அப்பா, அந்தப் படத்துல நான் இருக்கேன். எங்க இருக்கேன்னு சொல்ல மாட்டேன். ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வரேன், அதுக்குள்ள நீங்களே கண்டுபிடிச்சு வைங்க" என்றாள். "நடிச்சிருக்கியாம்மா?" என்றேன். "அதெல்லாம் கேக்கக் கூடாது" என்று சிரித்தாள். அவளுக்கு அது விளையாட்டு. எனக்கு அன்றைக்குப் பிடித்த படபடப்பு இன்னும் நிற்கவில்லை. பெற்ற மகளை ஒரு படத்துக்குள் கண்டுபிடிக்கத் தெரியாத அப்பன் என்று ஆகிவிடக் கூடாதே, மச்சான்.

முதலில் தியேட்டருக்குப் போனோம். படத்தின் கதாநாயகன் வாயைத் திறப்பதே அபூர்வம். அவன் மனைவி கோபித்துக்கொண்டு எங்கோ போய்விட்டாள். அவன் நடக்கிறான், நிற்கிறான், மறுபடி நடக்கிறான். அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை, நான் கதை பார்க்கப் போகவில்லையே. பஸ்ஸுக்கு நிற்கும் பெண்கள், ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் பெண்கள், முதுகு மட்டும் தெரியும் பெண்கள் என்று ஒருத்தி விடாமல் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் அக்கா என் கையைக் கிள்ளி, "கதாநாயகன் முன்னாடி நிக்கிறான், நீங்க ஏன் பின்னாடி நிக்கிற பொம்பளைங்களையே முழிச்சுப் பாக்குறீங்க? பக்கத்துல இருக்கறவங்க என்ன நினைப்பாங்க?" என்றாள். சரி, முகம்தான் தெரியவில்லை, கடைசியில் பெயர்கள் வருமே, அதில் பிடித்துவிடலாம் என்று காத்திருந்தேன். பெயர் ஓட ஆரம்பித்ததும் விளக்கைப் போட்டுவிட்டார்கள். துடைப்பத்தோடு ஒருவர் வந்து, "சார், காலைத் தூக்குங்க" என்றார். "பேர் ஓடுதுங்களே" என்றேன். "அதையெல்லாம் யாரு சார் பாக்குறாங்க? அடுத்த ஷோவுக்கு ஆள் வெளிய நிக்குது" என்று என் காலடியில் பெருக்கத் தொடங்கினார். நான் அந்தப் பக்கம் திரும்பி இந்தப் பக்கம் திரும்புவதற்குள் திரை வெள்ளையாகிவிட்டது.

பாப்பாவிடம் இதைச் சொன்னால் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். "தியேட்டர்ல நான் இருக்கவே மாட்டேன்பா. வீட்ல பாத்தாதான் இருப்பேன்" என்றாள். இந்த ஒரு வார்த்தைதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. தியேட்டரில் இருக்க மாட்டாளாம், வீட்டில் இருப்பாளாம். இதற்கு என்ன அர்த்தம்? யோசித்துப் பார்த்தால் ஒரே அர்த்தம்தான் இருக்கிறது. தியேட்டருக்கு அனுப்பிய படத்தில் அவள் வரும் இடத்தை வெட்டிவிட்டார்கள். வீட்டுக்கு வரும் படத்தில் விட்டுவைக்கிறோம் என்று யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள், அவளும் நம்பிக்கொண்டிருக்கிறாள். அப்படிச் சொல்கிறவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று எனக்குத் தெரியும். "அடுத்த வாரம் புது எடைக்கல் வாங்கிடறேன் சார்" என்று எத்தனை பேர் என்னிடமே சொல்லியிருக்கிறார்கள்!

ஆகவே கேபிள்காரரை வரவழைத்து, சினிமாவுக்கென்றே இருக்கும் பிரீமியம் சேனல் ஒன்றைப் போடச் சொன்னேன். அந்தப் படம் வருகிற நாள் சாயங்காலம் கதவைச் சாத்தி, செருப்பைக்கூட உள்ளே எடுத்து வைத்துவிட்டு உட்கார்ந்தோம். படம் ஆரம்பிக்கும் நேரம் பார்த்து திரை நீலமாகி, 'இந்த நிகழ்ச்சி உங்கள் தொகுப்பில் இல்லை' என்று வந்தது. கேபிள்காரருக்குப் போன் போட்டால், "சார், நீங்க வாங்கினது பிரீமியம். இந்தப் படம் பிரீமியம் பிளஸ்ல வருது" என்கிறார். "பிரீமியம்னா உசத்தின்னுதானே அர்த்தம்? உசத்திக்கு மேல என்னய்யா உசத்தி?" என்று கேட்டேன். "அதுக்கு மேலயும் ஒண்ணு இருக்கு சார், வேணுமா?" என்றார். பிளஸ் போட்டு, மறு ஒளிபரப்புக்குக் காத்திருந்து, முழுவதும் பார்த்தேன். அதிலும் அவள் இல்லை. கடைசிப் பெயர்கள் வரத் தொடங்கியதும், ஒரு மெத்தை விளம்பரம் வந்து திரை முழுக்கப் படுத்துக்கொண்டது. பெயர்களை ஒரு மூலையில் தள்ளி, தபால்தலை அளவுக்குச் சுருக்கி, ஓட ஓட விரட்டினார்கள். நான் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு டிவிக்கு முன்னால் மண்டியிட்டதைப் பார்த்து உங்கள் அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். பொட்டலத்துக்கு மேலே ஒரு எடை போட்டுவிட்டு உள்ளே குறைத்துக் கொடுப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? நான் மட்டும் இன்னும் வேலையில் இருந்திருந்தால் அந்தச் சேனலுக்குச் சீல் வைத்திருப்பேன்.

கடைசியாகத்தான் உங்கள் கணக்குக்கு வந்தேன். பாப்பா போன தடவை வந்தபோது, நீங்கள் மாதாமாதம் பணம் கட்டிவரும் அந்தப் படச் செயலியை எங்கள் டிவியிலும் போட்டுக் கொடுத்து, "எல்லாம் சரியா வச்சிருக்கேன், நீங்க ரிமோட்ல எதையும் மாத்தாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். திறந்தால், 'யார் பார்க்கிறீர்கள்?' என்று கேட்கிறது. உங்கள் படம் இருக்கிறது, உங்கள் மனைவி படம் இருக்கிறது, உங்கள் மாமியார் படம் இருக்கிறது. நான் இல்லை. உங்களுடையதைத் தொட்டால் ஏதோ பூட்டு எண் கேட்டது. வேறு வழியில்லாமல் உங்கள் மாமியாராகத்தான் உள்ளே போனேன். தவறுதலாக ஒரு குத்துச்சண்டைப் படத்தையும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டேன். அன்றிலிருந்து அவருக்குக் குத்துச்சண்டைப் படமாகவே வந்துகொண்டிருந்தால், அவர் மனம் வருந்தாதபடி நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். இதற்கு நடுவில் 'பல சாதனங்களில் பார்க்கப்படுகிறது' என்று அடிக்கடி நின்று போகிறது. நீங்கள் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கிற ஆள்கள்தானே? ஆளுக்கொரு அறையில் எதற்கு?

இப்போது முக்கியமான புகாருக்கு வருகிறேன். படம் ஆரம்பித்ததுமே ஒரு அம்மாள் பேசத் தொடங்கிவிட்டாள். படத்தில் இருப்பவள் இல்லை. ஆள் கண்ணுக்குத் தெரியவில்லை, குரல் மட்டும்தான். "காலை நேரம். ஒருவன் கதவைத் திறக்கிறான்" என்கிறாள். கதவு திறப்பது எனக்குத் தெரியாதா? "அவன் நாற்காலியில் உட்காருகிறான்" என்கிறாள். எனக்கென்ன கண் அவிந்தா போய்விட்டது? "தெரியுதும்மா, தெரியுது" என்று நானும் சொல்லிப் பார்த்தேன். அவள் நிறுத்தவில்லை. யாராவது பேசினால் மட்டும் மரியாதையாக வாயை மூடிக்கொள்கிறாள். ஆனால் அந்தக் கதாநாயகன்தான் பேசவே மாட்டேன் என்கிறானே, இவளுக்கு ஒரே கொண்டாட்டம். நான் பாப்பாவைத் தேடி ஒரு கூட்டத்தை உற்றுப் பார்க்கும்போது, "அவன் மழையைப் பார்க்கிறான்" என்று என் கவனத்தைக் கலைத்து வேறு பக்கம் இழுத்துவிடுகிறாள். ரிமோட்டை எடுத்து அவளை நிறுத்தப் போனால் உங்கள் அக்கா பிடுங்கிக்கொண்டு, "பேசிட்டுப் போகட்டும் விடுங்க. நான் அடுப்புப் பக்கம் இருந்தாலும் எனக்குப் படம் புரியுது" என்கிறாள். இதைப் பற்றி நான் ஆழ்ந்து யோசித்ததில் எனக்குத் தெளிவாகிவிட்டது. நீங்கள் எடுத்திருப்பது மலிவான திட்டம். மலிவான திட்டத்துக்கு விளம்பரம் போடுவது போல, இவர்கள் இடையில் பேச ஒரு ஆளை உட்கார வைத்திருக்கிறார்கள். தொல்லை தாங்காமல் ஆட்கள் பெரிய திட்டத்துக்கு மாறட்டும் என்பதுதான் வியாபாரத் தந்திரம்.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கதாநாயகன் மனைவியின் சேலையை மடித்து வைக்கும் ஒரு இடம் வருகிறது. நான் அதைத் தியேட்டரில் பார்த்தேன், சேனலில் பார்த்தேன், சும்மா மடிக்கிறான் என்றுதான் நினைத்தேன். இந்த அம்மாள், "மடித்ததைப் பிரிக்கிறான். மறுபடி மடிக்கிறான். விரல் நடுங்குகிறது" என்றாள். பார்த்தால் நிஜமாகவே நடுங்குகிறது. உங்கள் அக்காவைக் கேட்டு அந்த இடத்தை மட்டும் இன்னொரு தடவை போட்டுப் பார்த்தேன். அதற்காக அவளை முழுப் படத்துக்கும் பொறுத்துக்கொள்ள முடியுமா?

பெயர்களும் கிடைக்கவில்லை. வர ஆரம்பித்ததுமே, 'அடுத்த படம் தொடங்குகிறது' என்று அவசரப்படுத்துகிறது. பதறிப்போய் ஒரு பொத்தானை அமுக்கினால் படம் முதலிலிருந்து ஆரம்பித்து, "காலை நேரம். ஒருவன் கதவைத் திறக்கிறான்" என்று அந்த அம்மாள் மறுபடியும் தொடங்குகிறாள். நேற்று முழுவதும் அவன் கதவைத் திறந்துகொண்டேயிருந்தான்.

மச்சான், வெளிப்படையாகச் சொல்கிறேன், எனக்குப் பயமாக இருக்கிறது. அவள் எந்தப் படத்திலும் இல்லை என்றுதான் தோன்றுகிறது. வீட்டுப் படத்திலும் வெட்டிவிட்டார்கள், அது அவளுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை வந்து, செருப்பைக் கழற்றும்போதே "கண்டுபிடிச்சீங்களாப்பா?" என்று கேட்பாள். அப்போது அவள் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இல்லை என்று அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வேன்? பஸ்ஸுக்கு நிற்கும் பச்சைக் குடைக்காரியை நீதான் என்று சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன். உங்கள் அக்கா, "அந்தப் பொம்பளைக்கு ஐம்பது வயசு இருக்கும்" என்கிறாள்.

ஆகவே, உங்கள் கணக்கை இருப்பதிலேயே பெரிய திட்டத்துக்கு மாற்றி, அந்த அம்மாளை உடனடியாக நீக்கி, நான் அமைதியாக என் மகளைத் தேட வழிசெய்து தருமாறு கேட்டுக்கொள்கிறேன். அப்படியே அந்த அம்மாள் மேல் ஒரு புகாரும் எழுதிப் போடுங்கள். பிறர் வீட்டில் நுழைந்து ஓயாமல் பேசும் பெண்ணுக்கு யார்தான் சம்பளம் கொடுக்கிறார்களோ!

உங்கள் மனைவிக்கு என் அன்பு. மாமியாருக்கு என் வணக்கமும் மன்னிப்பும். எல்லோரும் நோய்நொடி இல்லாமல், தடங்கல் இல்லாமல் நீடூழி வாழ வாழ்த்தும்,

உங்கள் அன்பு அத்தான்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது பாப்பா போன் செய்தாள். "என்னப்பா, கண்டுபிடிச்சீங்களா?" என்றாள். நான் சமாளிக்கப் பார்த்தேன். "எங்கம்மா கண்டுபிடிக்கிறது? உங்க மாமா கணக்குல ஒரு பொம்பளை விடாம பேசிக்கிட்டே இருக்கா. அவளை நிறுத்துனாதான் உன்னைத் தேட முடியும்" என்றேன். லைன் போய்விட்டதோ என்று "ஹலோ" என்றேன். அப்போது போனில் அந்த அம்மாளின் குரல் வந்தது. நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக.

"அப்பா சோபாவின் நுனியில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு கையில் போன். இன்னொரு கையில் ரிமோட். வாய் திறந்திருக்கிறது."

நான் வாயை மூடினேன்.

"வாயை மூடுகிறார்" என்றது குரல்.

கண் தெரியாதவர்கள் படத்தைக் காதால் பார்ப்பதற்காக அப்படிப் பேசுகிறார்களாம். அந்தப் பேச்சு தியேட்டரில் கேட்காதாம், செயலியில்தான் வருமாம். ஒவ்வொரு வரியும் அவளே எழுதி, அவளே பேசியதாம். வீட்டில் அவள் பேசினால் தெருக்கோடி வரை கேட்கும். இப்படி ஒரு பக்குவமான குரல் அவளிடம் இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? உங்கள் அக்காவுக்கு முதல் நாளே தெரிந்துவிட்டதாம். "நீங்களே கண்டுபிடிக்கணும்னு அவ சொல்லிட்டா, நான் என்ன பண்றது?" என்கிறாள். போனை வைப்பதற்கு முன் பாப்பா, "அப்பா கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்" என்றாள். அது மட்டும் தப்பு என்று எழுதலாம் என்று பார்த்தேன், உங்கள் அக்கா பக்கத்தில் நின்று படித்துக்கொண்டிருக்கிறாள்.

மேலே எழுதிய எதையும் செய்ய வேண்டாம். திட்டம் இருக்கிறபடியே இருக்கட்டும், புகார் ஒன்றும் வேண்டாம், யாரையும் நீக்க வேண்டாம். இன்று சாயங்காலம் அந்தப் படத்தை மறுபடி போடப்போகிறேன். இந்தத் தடவை கண்ணை மூடிக்கொண்டு பார்க்கப்போகிறேன்.