தட்டிப் பார்த்த பரங்கிக்காய்

டொக். டொக். டொக்.

போர்வைக்குள் கிடந்த எனக்கு அந்தச் சத்தமே போதும். "விரிசல். எடுத்து ஓரமாப் போடு" என்றேன்.

"என் பரங்கிக்காய ஓரமாப் போடச் சொல்ல நீங்க யாரு?" என்று போர்வைக்கு வெளியிலிருந்து ஒரு குரல் கேட்டது.

விலக்கிப் பார்த்தேன். என் மனைவி செல்வநாயகி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் ஏழெட்டுக் கிலோ தேறும் ஒரு பரங்கிக்காய். ஞாயிற்றுக்கிழமை காலை. உலகத்தில் மற்ற கணவன்மார்களுக்குக் காபி கிடைக்கிற நேரம்.

என் தீர்ப்புக்குக் காரணம் உண்டு. விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் ஒரு சூளையில் இருபத்திரண்டு வருஷமாக எனக்கு ராத்திரி வேலை. வெந்து இறங்குகிற பீங்கான் ஃபியூஸ் கட்டை ஒவ்வொன்றையும் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பேன். கணீர் என்றால் நல்லது. டொக் என்றால் விரிசல். தூக்கத்திலும் நான் டியூட்டியில்தான் இருக்கிறேன், சம்பளம்தான் இல்லை.

செல்வநாயகி கருவேப்பிலங்குறிச்சியைத் தாண்டி ஒரு தொடக்கப் பள்ளியில் டீச்சர். நான் ஆறு மணிக்கு வீடு திரும்பி, கண் எரிய எரிய உட்கார்ந்திருந்து, எட்டேகாலுக்கு அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் விட்டுவிட்டு, பத்து மணிக்கு வந்து படுப்பேன். பஸ் இருக்கிறது. ஆனால் பஸ்ஸில் கூட்டம் இருக்கிறது. என் வண்டியில் கூட்டம் இல்லை, நான் மட்டும்தான் இருக்கிறேன். இந்தக் கணக்கைப் பதினோரு வருஷமாக என்னால் உடைக்க முடியவில்லை.

"இந்த வாரம் எங்க ஸ்கூல்ல பரங்கிக்காய் வாரம்" என்றாள். "புள்ளைங்களே தொட்டுப் பாத்து, அளந்து பாத்து, அறுத்துப் பாத்து அறிவியல் படிக்கணும். வெள்ளிக்கிழமை விதை எண்ணப் போறோம். உள்ள எத்தினி இருக்கும்னு மொதல்ல எல்லாரும் யூகிக்கணும்."

"இதுல யூகிக்க என்னா இருக்குது? தட்டிப் பாத்தே சொல்லிடலாம்."

"யாரு?"

"நான்தான்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு பரங்கிக்காயைப் பார்த்தாள். இரண்டில் எதன் மேல் அவளுக்கு மதிப்பு அதிகம் என்று தெரிந்துவிட்டது.

"வாங்க, வெள்ளிக்கிழமை வந்து புள்ளைங்க முன்னாடி சொல்லுங்க. சரியாச் சொல்லிட்டீங்கன்னா திங்கக்கிழமையிலருந்து நான் பஸ்ஸுல போய்க்கிறேன்."

தூக்கம் கலைந்துவிட்டது. "சொல்லலன்னா?"

"இப்பப் போற மாதிரியே போய்க்கிட்டு இருப்போம்."

ஜெயித்தால் தூக்கம். தோற்றால் நஷ்டம் ஒன்றுமில்லை. இப்படி ஒரு பந்தயத்தை ஒரு மனைவி தானாகக் கட்டுகிறாள் என்றால் எந்தக் கணவனும் சந்தேகப்பட வேண்டும். நான் ஒன்பதாவதோடு பள்ளியை விட்டவன். அதற்குப் பிறகு படித்ததெல்லாம் சூளை வெளிச்சத்தில், கிடைத்த புத்தகத்தில். ஒளியின் வேகம் தெரியும், தேனீயின் கண் எத்தனை என்று தெரியும். மனைவியைப் பற்றிய புத்தகம் எதுவும் எங்கள் சூளைப் பக்கம் வரவில்லை.

பள்ளியில் கொடுத்திருந்த செயல்பாட்டுத் தாள் அலமாரியில் இருந்தது. வரிக்கு வரி படித்தேன். ஒன்று, காயை உற்று நோக்கி வரைதல். இரண்டு, கயிற்றால் சுற்றளவு காணல். மூன்று, அறுத்து விதை எண்ணுதல். நான்கு, துண்டுகளைத் தண்ணீரில் மிதக்க விடுதல். ஐந்து, விதை ஊன்றுதல். முழுக் காயும் மூன்றாம் வரியில் அறுபட்டுவிடும். அறுபட்ட பிறகு தடயம் ஏது? திட்டம் தயார்.

வெள்ளிக்கிழமை வரை காய் எங்கள் வீட்டில்தான். புதன்கிழமை அவளைப் பள்ளியில் இறக்கிவிட்டு வந்தேன். தூங்கவில்லை. ஆயுத பூஜைக்குத் திருஷ்டிப் பூசணியில் சதுரமாகத் துளை போட்டு, குங்குமம் கொட்டி, மறுபடி மூடுவோமே, அதே முறைதான். காயைக் கவிழ்த்து அடிப்பக்கத்தில் ஒரு சதுரம் எடுத்தேன். கையை விட்டு எல்லாவற்றையும் வழித்தேன்.

பரங்கி விதையை எண்ணியவர்களுக்குத்தான் தெரியும். அது வழுக்கும். நாரோடு வரும். எண்பத்தாறில் ஒன்று கட்டிலுக்கு அடியில் போனது. நூற்று முப்பதில் காஸ் சிலிண்டர்காரர் வந்தார். இருநூற்று எழுபதில் நானே கண் அசந்துவிட்டேன். கடைசியில் எல்லாவற்றையும் சல்லடையில் போட்டுக் கழுவி, துண்டால் துடைத்து, பத்துப் பத்தாக அடுக்கினேன். நானூற்றுப் பன்னிரண்டு. பகல் தூக்கத்துக்காக ஒரு பகல் தூக்கத்தை முழுசாகக் கொடுத்திருந்தேன்.

விதைகளைத் திருப்பி உள்ளே போட்டுச் சதுரத்தை மூடினேன். நான்கு பக்கமும் கீறல் பல்லைக் காட்டியது. தொழில்காரன் அதற்கா பயப்படுவான்? வீட்டில் கொஞ்சம் வெள்ளைக் களிமண் இருந்தது. மஞ்சள் தூள் கலந்து குழைத்து, இடுக்கில் பூசி, ஈரத் துணியால் இழைத்தேன். பிரமாதம். எங்கள் மேஸ்திரி பார்த்திருந்தாலும் பாஸ் போட்டு அனுப்பியிருப்பார்.

வெள்ளிக்கிழமை. இருபத்து மூன்று பிள்ளைகள். நடுவில் மேசை மேல் பரங்கிக்காய். ஒவ்வொருவரும் யூகித்த எண் கரும்பலகையில் ஏறியது. ஐம்பது. ஆயிரம். ஒருவன் 'நெறைய' என்று எழுதச் சொன்னான். அதையும் செல்வநாயகி எழுதினாள்.

"இப்ப நல்லமுத்து சார் தட்டிப் பாத்துச் சொல்லுவாரு."

எழுந்தேன். காதை வைத்தேன். மூன்று தட்டு. கண்ணை மூடினேன். பக்கவாட்டில் இரண்டு தட்டு. "நானூத்திப் பத்து" என்று இழுத்தேன். மறுபடி ஒரு தட்டு. "இல்ல. பன்னெண்டு."

வகுப்பு வாயைப் பிளந்தது. சூளை ஒரு நாளும் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"சரி, அறுத்துடலாமா?" என்று கத்தியை நானே எடுத்தேன்.

"இருங்க சார்" என்றாள் செல்வநாயகி. "புள்ளைங்களா, துண்டு மிதக்குதான்னு அப்பறம் பாக்கத்தான் போறோம். அதுக்கு முன்னாடி முழுசு மிதக்குமா முழுவுமான்னு பாத்துடலாமா?"

"பாத்துடலாம் மிஸ்."

"தாள்ல அப்படி இல்லையே" என்றேன்.

"தாள யாரு படிச்சா சார்?" என்றாள்.

ஓரத்தில் ஒரு பெரிய நீல டப்பில் தண்ணீர் தயாராக நின்றது. அதை நான் கை கழுவ என்று நினைத்திருந்தேன். நாலு பிள்ளைகள் காயைத் தூக்கி உள்ளே விட்டார்கள். மிதந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. இருபத்திரண்டு வருஷமாகச் சுடாத களிமண்ணைத் தண்ணீரில் கரைத்துக் கூழாக்குகிறவன் நான். அடுத்து என்ன நடக்கும் என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்தேன்.

"போதும், எடுத்துடுங்க" என்றேன்.

"இருங்க சார், இன்னும் கொஞ்ச நேரம் பாக்கட்டும்."

தண்ணீரில் மெல்லிசாக ஒரு கோடு இறங்கியது. பிறகு நாலு கோடு. பிறகு டப் முழுக்க.

"மிஸ்," என்றாள் முன்வரிசையில் இருந்த வெண்பா என்ற இரண்டாம் வகுப்புச் சிறுமி, "பரங்கிக்காய் மஞ்சப்பால் வுடுது."

குபுக் என்று ஒரு சதுரம் தனியாக மேலே வந்து மிதந்தது. அதன் பின்னால் விதைகள், ஒவ்வொன்றாக, வரிசையாக, என்னைப் பார்த்துக்கொண்டே வந்தன.

வெண்பா ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "எங்க வூட்ல அறுத்தா விதையில நாரு இருக்கும் மிஸ். இது குளிச்சிட்டு வந்திருக்குது."

மேசைக்கு அடியில் இடம் இருக்கிறதா என்று பார்த்தேன். பிள்ளைகளின் பைகள் இருந்தன.

செல்வநாயகி பதறவே இல்லை. "புள்ளைங்களா, சார் செராமிக்குல வேல பாக்குறாரு இல்ல? சுட்ட மண்ணு தண்ணியில கரையாது. சுடாத மண்ணு என்னாவும்? அத நீங்க கண்ணால பாக்கணும்னுதான் வேல மெனக்கெட்டு இப்படிச் செஞ்சு கொண்டாந்திருக்காரு. சாருக்கு ஒரு தடவ கை தட்டுங்க."

தட்டினார்கள். இருபத்து மூன்று ஜோடிக் கை. ஐம்பத்தோரு வயதில் முதல் தடவையாக எனக்காக யாரோ தட்டுகிறார்கள். நடுவில் அவள் ஏதோ கேட்டாள். நான் தலையாட்டினேன். அந்தச் சத்தத்தில் என் சொத்தை எழுதிக் கேட்டிருந்தாலும் ஆட்டியிருப்பேன். சொத்து இல்லாதது நல்லதாகப் போயிற்று.

பிறகு பிள்ளைகள் விதைகளைப் பத்துப் பத்தாக அடுக்கினார்கள். நாற்பத்தொரு குவியல், மீதி இரண்டு.

சாயங்காலம் இரண்டு பேரும் வண்டியில் திரும்பினோம். முன்னால் கரும்பு டிராக்டர் ஒன்று ஆடி ஆடிப் போய்க்கொண்டிருந்தது. அதன் பின்னாலேயே போனேன். முந்த மனசில்லை.

"எப்பத் தெரியும்?" என்றேன்.

"புதங்கிழமையே. மஞ்சத்தூள் டப்பா மூடியில வெள்ளக் கையி பதிஞ்சிருந்துச்சு. அப்பறம் கட்டிலுக்கு அடியில பெருக்குனேன், ஒரு விதை வந்துச்சு."

"அப்ப நானூத்திப் பதிமூணா?"

"அதான. ஆனா புள்ளைங்க எண்ணுனது பன்னெண்டு. நீங்க சொன்னதும் பன்னெண்டு. பந்தயம் பந்தயம்தான். நீங்க ஜெயிச்சிட்டீங்க. திங்கக்கிழமையிலருந்து நான் பஸ்ஸு."

வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டேன். இறங்கித் திரும்பிப் பார்த்தேன். முகத்தில் கேலி இல்லை.

"நெசமாவா செல்வி?"

"நெசமாத்தான். நான் என்னிக்குப் பேச்சு மாறியிருக்கேன்?"

அன்று ராத்திரி சூளைக்குப் போகும்போது வழி முழுக்க ஏதோ முனகிக்கொண்டே போனேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் திங்கட்கிழமைத் தூக்கத்தை நினைத்துச் சரியாகத் தூங்கவில்லை.

திங்கள் காலை ஆறு மணிக்கு வீட்டுக்குள் நுழைந்து, சட்டையைக் கழற்றினேன். பாயை உதறினேன்.

"என்னங்க, படுக்கப் போறீங்க?" என்றாள்.

"பின்ன? நீதான் பஸ்ஸுல போறியே."

"நான் பஸ்ஸுலதான் போறேன். நீங்க எப்படிப் போவீங்க?"

"நான் எங்க போறேன்?"

"இன்னிக்கு விதை ஊன்றாங்க இல்ல? களிமண்ணு கப்புல ஊன்றது எப்படின்னு தெனமும் காலையில ஒம்போது மணிக்கு வந்து சொல்லித் தருவீங்களான்னு கேட்டேன். தலையாட்டுனீங்களே. வெண்பா போர்டுல எழுதிப்புட்டா. 'களிமண் சார் வருகிறார்'னு. அழிக்க வுட மாட்டேங்குது அந்தப் புள்ள."

"தெனமுமா?"

"மொளைச்சா ஒயரம் அளக்கணும். எல எண்ணணும். பூ வுட்டா வரையணும்."

"எத்தினி நாளு?"

"காய் காய்க்கணும்ல. ஒரு நூறு நாளு ஆவும்."

நான் பாயைப் பார்த்தேன். பாய் என்னைப் பார்க்கவில்லை.

போகாமல் இருந்துவிடலாம்தான். ஆனால் இருபத்து மூன்று பேர் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சூளையில் நான் வராவிட்டால் இன்னொருவன் வருவான். அங்கே களிமண் சார் என்று இன்னொருவன் கிடையாது.

சட்டையை மறுபடி மாட்டினேன். சூளையிலிருந்து எப்போதோ கொண்டுவந்து போட்டிருந்த சுடாத கப்புகளில் இருபத்து மூன்றை, கப்போடு மண்ணில் புதைத்தால் தானே கரைந்துவிடும் என்று, அட்டைப்பெட்டியில் அடுக்கி வண்டியின் முன்னால் வைத்துக் கட்டினேன். செல்வநாயகி கைப்பையோடு வாசலில் வந்து நின்றாள். பஸ் ஸ்டாப் பக்கம் ஒரு பார்வை. வண்டிப் பக்கம் ஒரு பார்வை.

"சொன்ன சொல்லு மாற மாட்டேன். நான் பஸ்ஸுக்குத்தான் போறேன்" என்றாள். அப்புறம் கைப்பையைத் தோள் மாற்றிக்கொண்டாள். "ஆனா எப்படியும் நீங்க அங்கதான போறீங்க. பின் சீட்டு சும்மாத்தான கெடக்குது?"

துணியை எடுத்து, பனியில் நனைந்திருந்த பின் சீட்டைத் துடைத்தேன்.