மாப்பிள்ளை அனுப்பிய மனப்பரீட்சையும் ஐந்தாம் அறைத் தேத்தண்ணியும்

கொடைக்கானல்
18.4.2006

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அப்சல் அவர்களுக்கு, மாமா சாகுல் ஹமீது எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். சென்னையில் நீங்களும் மகள் மஹீராவும் சுகமென்று நம்புகிறேன். இங்கும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை.

லாட்ஜுக்கு ஆள் எடுப்பதென்றால் முகத்தைப் பார்த்து, ஊரைக் கேட்டு, நாளைக்கே வா என்று சொல்லிப் பழகியவன் நான். அதெல்லாம் பழைய முறை மாமா, எங்கள் கம்பெனியில் மனசை அளந்துதான் எடுக்கிறோம் என்று ஒரு கேள்வித்தாளை அனுப்பி வைத்தீர்கள். பெண் கொடுத்த இடத்தில் வாயைத் திறக்க முடியுமா, சரியென்று புதிதாக வந்தவர்களோடு இருக்கிற ஆட்களுக்கும் சேர்த்தே கொடுத்தேன். 'ஆள் இல்லாத இடத்தில் குரல் கேட்டதுண்டா?' என்று அதில் ஒரு கேள்வி. ஒருவனைத் தவிர எழுதிய அத்தனை பேரும் ஆமாம் என்று எழுதிவிட்டார்கள். பல வருஷமாக ரிசப்ஷனில் இருக்கும் தேவகுமாரியும் ஆமாம். கூப்பிட்டுக் கேட்டால், "மஞ்சு எறங்கி கண்ணு தெரியலன்னா கொரலுதானங்க மொதல்ல வரும்? ஆளு பொறகுதான வரும்? இதெல்லாம் ஒரு கேள்வியாங்க?" என்கிறாள். 'யாரோ பின்தொடர்வதாகத் தோன்றியதுண்டா?' என்றதற்குச் சமையல்காரப் பழனிமுத்து, நேற்றுக்கூடப் பள்ளங்கி ரோட்டில் காட்டுமாடு பின்னாலேயே வந்தது என்று ஓரத்தில் விளக்கமே எழுதியிருந்தான். எல்லாருக்கும் மூளைக்கோளாறு என்று நீங்கள் போனில் சொன்னீர்கள். ஊரே பைத்தியமென்றால் நான் யாரை வைத்து லாட்ஜ் நடத்துவது?

தேறியவன் சுரேந்திரன் ஒருவன்தான். இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். பயம் இல்லை, குழப்பம் இல்லை, குரல் கேட்டதே இல்லை. தங்கமான மனசு, விடாதீர்கள் என்றீர்கள். தேவகுமாரியை அழ அழ அனுப்பிவிட்டு அவனை உட்கார வைத்தேன்.

வேலையில் குறையே சொல்ல முடியாது, ஆனால் ஒன்று. மத்தியானம் மூடுபனி இறங்கியதும் ஒரு டம்ளர் டீயை எடுத்துக்கொண்டு மாடி ஏறுகிறான், பூட்டிக் கிடக்கிற ஐந்தாம் அறைக்கு. அதை ஏன் வாடகைக்கு விடுவதில்லை என்று மஹீரா உங்களிடம் சொல்லியிருப்பாள். இறங்கி வரும்போது டம்ளர் காலி. "ஏலே, நீயே குடிச்சிட்டு வாரியா?" என்று அதட்டினேன். "இல்லீங்க, மேல இருக்கவரு தேத்தண்ணி கேட்டாரு" என்றான். குரலே கேட்டதில்லை என்று எழுதினாயே என்று மடக்கினேன். "ஆள் இல்லாத எடத்துல கேட்டுதான்னுதானங்க கேட்டிருந்தாக? அங்கதான் ஆள் இருக்காரே" என்றான். கண் இமைக்கவில்லை. அவன் பொய் சொல்லவில்லை மாப்பிள்ளை. உங்கள் பரீட்சை அவனைச் சரியாகத்தான் எடை போட்டிருக்கிறது.

உங்கள் மாமி மதீனா பீவி பெட்டி கட்டிவிட்டாள். "ஒண்ணு அவன் இருக்கணும், இல்லாட்டி நான் இருக்கணும். நான் மஹீரா வீட்டுக்குப் போறேங்க" என்கிறாள். சீசன் தலைக்கு மேல வந்து கெடக்கு, அவ போயிட்டா எனக்கு இங்க ஒரு வாய் கஞ்சி எறங்காது. அவனை அனுப்பிடலாம்னா என்ன காரணத்தைச் சொல்லட்டும்? வெள்ளனே வர்றான், வெரசா சோலி பாக்குறான், தங்க வந்தவுக எல்லாம் அவனைத்தான் புகழ்றாக. ஆகவே, மார்க் போட்டதில் பிழை, அவன் தேறவில்லை என்று நீங்களே ஒரு வரி எழுதி அனுப்பிவிடுங்கள். அந்தக் கேள்வித்தாளை இனி எந்த லாட்ஜ்காரர் தலையிலும் கட்ட வேண்டாம்.

மகளுக்கு என் துஆ. அல்லாஹ் உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தரட்டும்.

இப்படிக்கு,
மாமா சாகுல் ஹமீது

பி.கு.: மேலே எழுதியதெல்லாம் வேண்டாம், சுரேந்திரன் இருக்கட்டும். உறையை ஒட்டுவதற்குள் மாமி அவனிடம் சண்டைக்குப் போய்விட்டாள், மேலே யாருக்குடா டீ என்று. "காலை லேசா இழுத்து நடக்குறவருங்கம்மா. இஞ்சி வேணாம், ஏலக்காய் தட்டிப் போடுன்னு சொல்லுவாரு" என்றான். உங்கள் நிக்காஹுக்கு முந்தின வருஷம் தாண்டிக்குடி ரோட்டில் ஜீப் கவிழ்ந்து இறந்துபோனானே எங்கள் மகன் யூனுஸ், ஐந்தாம் அறை அவனுடையதுதானே, அவன் அப்படித்தான் நடப்பான், அப்படித்தான் குடிப்பான். மாமி பெட்டியைப் பிரித்துவிட்டாள். இன்று டீயை அவளே கொண்டுபோனாள். காலி டம்ளரோடு இறங்கி வந்து, "'அத்தா ஏம்மா இன்னும் மேல வரல'ன்னு நம்ம புள்ள கேக்குறான்" என்றாள். எனக்குப் பயமாக இருக்கிறது மாப்பிள்ளை. ஆனாலும் செருப்பைக் கழற்றிப் படிக்கட்டடியில் போட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.